டெய்லர் என்ற சொல்

அன்புள்ள அம்மா,

எனக்கு 31 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சின்ன வயதில் பொம்மைகளுக்கு உடை தைப்பதுதான் என் உலகம். நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் கவுன் படங்கள். "டெய்லராகவா போகப் போறே?" என்று அப்பா கேட்டார். நான் ஆசைப்பட்டது டெய்லர் வேலைக்கு இல்லை, டிசைனர் ஆவதற்கு. அது அவருக்குப் புரியவில்லை. பி.காம். சேர்த்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு இப்போது ஃபேஷன் டிசைனிங் படிக்கலாமா? கிரியேட்டிவிட்டி இத்தனை வருடம் காத்திருக்குமா? ஃபேஷனே வெட்டி ஆடம்பரம் என்கிறார் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

என் மகளைவிட இரண்டு வயது சின்னவள் நீ. அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் மரப்பாச்சி. இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கணவர் சொன்னதை விடு. அவர் சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டி, இது ஏன் இப்படி நிற்கிறது என்று கேள். பதில் தெரிந்த பிறகு ஆடம்பரத்தைப் பற்றிப் பேசட்டும்.

என்னை உறுத்தியது ஒரு வரி. டெய்லர் இல்லை, டிசைனர். அப்பாவோடு சண்டை போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சிதானம்மா. ஊசி பிடிக்கிறவன் மட்டம் என்று அவரும் நினைத்தார், நீயும் நினைக்கிறாய். உன் முழுக் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். அதில் கிரியேட்டிவிட்டி என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. ஒரு துணியின் பெயர்கூட இல்லை. பொம்மைக்குத் தைத்தேன் என்கிறாயே, எதில் தைத்தாய்? வாயிலா, பாப்ளினா, அம்மாவின் பழைய புடவையா? அந்தக் குழந்தைக்கு அது கட்டாயம் தெரிந்திருக்கும். நீதான் மறந்துவிட்டாய்.

மதலேன் வியோனே என்று ஒரு டிசைனர் அம்மாள் இருந்தார். 1876இல் பிரான்ஸில் பிறந்தவர். 11, 12 வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஒரு தையல்காரியிடம் வேலைக்கு விட்டார்கள். உன் ஆசை என்ன பாப்பா என்று யாரும் கேட்கவில்லை. பாரிஸில் சொந்தக் கடை போட்டது 1912இல், 36 வயதில். உன் வயதுக் கவலைக்கு இது ஆறுதல் என்று துள்ளாதே. அதற்குள் அவர் இருபது வருடத்துக்கு மேல் ஊசி பிடித்திருந்தார்.

அவர் காகிதத்தில் கவுன் வரைந்துகொண்டு உட்காரவில்லை. ஒரு சிறிய மரப்பொம்மையை வைத்துக்கொண்டு அதன்மேல் துணியைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார். அதில் சரியாக வந்த பிறகுதான் ஆள் அளவுக்குப் பெரிதாக்குவார். கடை லேபிளில் கையெழுத்தோடு தன் கட்டைவிரல் ரேகையையும் பதித்தார், யாரும் காப்பியடித்துவிடக் கூடாது என்று. வேலை செய்த பெண்களுக்குச் சாப்பாட்டுக்கூடம், பல் டாக்டர் வரை ஏற்பாடு செய்திருந்தார். தையல்காரியாக இருந்தவருக்குத்தானே அந்தப் பசியும் பல்வலியும் தெரியும்.

அவருடைய பெயர் நிற்பது குறுக்கு வெட்டால். இதை விளக்காமல் விடமாட்டேன், பொறுமையாகக் கேள். ஒரு கைக்குட்டையை எடு. பாவு இழை, அதாவது நீளவாக்கு நூல், போகிற பக்கம் இழு. அசையாது. ஊடை, அதாவது அகலவாக்கு நூல், போகிற பக்கம் இழு, கொஞ்சம்போல அசையும். இப்போது எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து இழு. ரப்பர் மாதிரி நீளும், நடுவில் ஒடுங்கும். துணியை அந்த வாக்கில் போட்டு வெட்டினால் அது உடம்பின் வளைவோடு தானே இறங்கும். அவருக்கு முன்னாலும் அப்படி வெட்டியிருக்கிறார்கள். முழு உடையையே அந்த வாக்கில் தொங்கவிட்டு, இடுப்பை இறுக்கும் உள்கட்டெல்லாம் இல்லாமல் நிற்கவைத்தது அவர் கை. நம் ஊர் டெய்லர்கள் கிராஸ் கட் ஜாக்கெட் என்கிறார்களே, அதே சங்கதிதான். துணி கூடப் பிடிக்கும் என்று முனகிக்கொண்டே வெட்டுவார்கள்.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் கும்பகோணத்தில் எங்கள் தெருமுனைத் திண்ணையில் மிஷின் போட்டிருந்த டெய்லர் மாமா. எனக்குப் பத்து வயது. அவரிடம் வெட்டுத்துண்டு பொறுக்கி வந்து மரப்பாச்சிக்கு ஜாக்கெட் தைப்பேன். மரப்பாச்சியைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கை உடம்போடு ஒட்டியிருக்கும், அக்குளே கிடையாது. கையை எங்கே நுழைப்பது? மூன்று ஜாக்கெட் கிழிந்தது. அழுதுகொண்டே போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, ஒரு பச்சை வாயில் துணித் துண்டைக் கோணலாகத் திருப்பிப் போட்டு, சாக்கால் கோடு இழுத்து நறுக்கினார். பொம்மையைச் சுற்றி ஒரு சுற்று, தோளில் ஒரு முடிச்சு. அப்படியே உட்கார்ந்துகொண்டது. "துணிக்கும் குணம் இருக்கு பாப்பா. நேரா இழுத்தா முறைக்கும், கோணலா இழுத்தா விட்டுக்கொடுக்கும்" என்றார்.

அன்று சாயங்காலமே அம்மாவின் புது ஜாக்கெட் பிட்டை மூலைவாக்கில் வெட்டினேன். விசிறிக் காம்பால் விழுந்தது. அதோடு என் தையல் முடிந்தது என்று வைத்துக்கொள். அடிக்குப் பயந்து விட்டேன் என்றுதான் இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லி வந்தேன். உண்மை வேறு. கொஞ்ச நாளில் மாமா பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கப் பழக்கினார். ஒரு பிட்டில் முப்பது காஜா. எனக்கு அலுத்துவிட்டது. கதைப் புத்தகம் படிக்கப் போய்விட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை.

உன்னை அப்பா தடுத்தார், சரி. ஆனால் சம்பாதிக்க ஆரம்பித்து எத்தனை வருடம் ஆகிறது? ஒரு மிஷின் வாங்கினாயா? ஞாயிற்றுக்கிழமை பழைய நைட்டியைப் பிரித்து எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாயா? கோபித்துக்கொள்ளாதே. என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

மடியில் இருந்த மரப்பாச்சியைப் பற்றி ஆரம்பித்தேன் அல்லவா? அந்தப் பச்சைத் துண்டு இன்னும் அதன்மேல்தான் இருக்கிறது. பச்சை போய்ச் சாணி நிறமாகிவிட்டது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். மாமா ஓரம் மடித்துத் தைக்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, பிசிறு அடிக்கவில்லை. கிராஸில் வெட்டின ஓரம் சுலபத்தில் பிசிறாது.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது விடாதே. நல்ல கத்தரி வாங்கக் காசு வேண்டும். கூடவே இரண்டு மீட்டர் காடாத் துணி வாங்கு. கத்தரியில் காகிதம் வெட்டாதே, முனை போய்விடும்.