இருமலையும் வெட்ட வேண்டாம்

கேள்வி: மறைந்த என் மாமனார் மரபுக் கவிஞர். 1980களில் வீட்டுக் கூடத்தில் நண்பர்களிடம் தம் கவிதைகளை வாசித்து, அவர்கள் கேட்டவற்றுக்கு விளக்கமும் சொன்ன ஆறு ஒலிநாடாக்கள் எங்களிடம் உள்ளன. கவிதைகள் நூலாக வந்துவிட்டதால், பேச்சையும் இருமலையும் வெட்டிவிட்டு வாசிப்பை மட்டும் கணினியில் ஏற்றலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?
(வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பதில்: தங்கள் கணவர் பொறுத்தருள வேண்டும், நான் அவர் பக்கம் இல்லை. கவிதை நூலில் இருக்கிறது. நாடாவைத் தவிர வேறெங்கும் இல்லாதது அவர் வெட்ட நினைக்கும் அந்தப் பகுதிதான்.

முதற்குறளையே பாருங்கள். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’ என்று முதலடி முடிந்துவிடுகிறது. ‘பகவன்’ அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. யாப்புக்குக் கட்டுப்பட்டு ‘ஆதி’யில் நிறுத்திச் சொல்வோரும் உண்டு, பொருளைப் பிடித்துக்கொண்டு ‘ஆதிபகவன்’ என ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வோரும் உண்டு. வள்ளுவர் எப்படிச் சொன்னார் என்பதை இனி யாரும் கேட்க இயலாது. ஆனால் தங்கள் மாமனார் தம் வெண்பாவில் எங்கே நிறுத்தினார், எந்தச் சொல்லை அழுத்தினார் என்பதைக் கேட்கலாம். கவியரங்கப் பழக்கத்தில் ஓர் அடியை இரண்டாம் முறை சொல்லும்போது அவர் ஒரு சொல்லை மாற்றியிருந்தால், அது நூலில் இல்லாத பாடபேதம். ஏன் மாற்றினார் என்பதற்கான விடை, அதையடுத்து வரும் பேச்சில் கிடைக்கக்கூடும்.

ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1889இல் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி முன் தம் கவிதையைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் அடி மறந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்தத் தடுமாற்றத்தை யாரும் அழிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பதிவை இன்றும் கேட்கிறார்கள். 1921இல் மறைந்த பாரதியின் குரலோ நமக்குக் கிடைக்கவே இல்லை.

இனி, செய்ய வேண்டியவை. நாடாக்களை உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் முப்பது நாற்பது ஆண்டுகள் கிடந்த நாடாவில் பூஞ்சணம் பிடிப்பது வழக்கம். கேசட்டின் கண்ணாடி வழியே சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெண்புள்ளிகள் தெரிந்தால் அதைத் தனியே எடுத்துவைத்து, நாடா மாற்றித் தருவதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். வீட்டுக் கருவியில் ஓட்டினால் அதன் வழியே மற்ற ஐந்துக்கும் பூஞ்சணம் பரவும். கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் இன்றே ஒடித்துவிடுங்கள். பிறகு அதன்மேல் தவறியும் பதிவு விழாது. (தகட்டை ஒடிக்காமல் விட்ட கவியரங்க நாடா ஒன்றில், வானொலியில் வந்த சினிமாப் பாட்டைப் பதிந்து தொலைத்த பாவி நான்.)

கணினியில் ஏற்றும்போது தொடக்கம் முதல் முடிவு வரை, இரைச்சலைக்கூட நீக்காமல், ‘வேவ்’ (WAV) கோப்பாக 24 பிட் தரத்தில் ஒரு மூலப்பிரதி எடுத்துவையுங்கள். எம்பி3 இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் மிச்சப்படுத்தும். உறவினர் கைப்பேசியில் கேட்பதற்கு மூலப்பிரதியிலிருந்து இன்னொன்றைத் தங்கள் கணவர் விருப்பம்போல் நறுக்கிக்கொள்ளட்டும்.

சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை 1979 முதல் திரட்டி வருகிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் அவற்றுள் பலவற்றைக் கேட்கலாம். தங்களிடம் உள்ளவற்றையும் அங்கே அளிக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். கவிதையின் காப்புரிமை கவிஞர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிப்பதால், அவருடைய வாரிசுகள் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. கேள்வி கேட்ட நண்பர்களின் குரல்களை அடையாளம் காணக்கூடியவர் தங்கள் குடும்பத்தில் இன்னும் யாராவது இருந்தால், பிரதி கைக்கு வந்ததும் அவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, எத்தனையாவது நிமிடத்தில் பேசுவது யார் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.