சுருதி சேராத ஒன்பது பிள்ளைகள்

கேள்வி: இளங்கலை இசை முடித்துவிட்டு, ஆலங்குளம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நாலு வருஷமாகப் பாட்டு டீச்சராக இருக்கிறேன். வயது 27. மூன்று வயதில் மகன் இருக்கிறான். 'இசைக் கல்வி'யில் முதுகலை படிக்க ஆசை. வீட்டில், "பாட்டு டீச்சருக்கு எதுக்கு எம்.ஏ.?" என்கிறார்கள். நாலாம் வகுப்பில் 42 பேரில் 9 பிள்ளைகளுக்குச் சுருதியே சேரவில்லை. அவர்களை என்ன செய்வதென்று தெரியாமல்தான் இந்தப் படிப்பு யோசனையே வந்தது. எங்கே, என்ன படிக்கலாம் டீச்சர்?
- வாசகி, ஆலங்குளம்

பதில்: அந்த 9 பிள்ளைகளைப் பற்றி எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு முதலில் பதில் எழுதுகிறேன் அம்மா.

நான் பாளையங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சுருதிப் பெட்டியை என் குரலுக்கு ஏற்ற ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) வைத்து 'ஸ' பிடிக்கச் சொன்னால், அவன் குரல் எங்கேயோ போய் நிற்கும். ஆண்டு விழாவுக்கு, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்று சொல்லி அவனைக் கடைசி வரிசையில் நிறுத்தினேன். அவனும் அப்படியே செய்தான்.

அந்த ஆடியில் அவன் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. குடம் அடிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பையன் பின்பாட்டுப் பாடுகிறான். இம்மி பிசகவில்லை. நின்று கேட்டேன். என் மத்தியமம், அதாவது 'ஸ ரி க ம'வில் வரும் 'ம', எங்கே இருக்குமோ, அங்கே இருந்தது அவன் ஷட்ஜம், அதாவது அவனுடைய 'ஸ'. என் ஷட்ஜம் அந்தச் சின்னத் தொண்டைக்கு எட்டாத பள்ளத்தில் இருந்திருக்கிறது. அது தெரியாமல் ஒரு வருஷம் அவனை ஊமையாக்கி வைத்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

எனக்குப் பாடத் தெரியும், பட்டயம் இருந்தது. பிள்ளைகளின் குரல் எங்கே தொடங்கும், எங்கே நிற்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் தேடும் படிப்பு அதைப் பற்றியதுதான்.

சரி, எங்கே படிப்பது? அமெரிக்கா போன்ற நாடுகளில் இசைக் கல்விக்கென்றே தனி முதுகலை உண்டு. நம் பக்கம் பெரும்பாலும் எம்.ஏ. இசை என்றுதான் இருக்கிறது, இரண்டு வருஷம். கச்சேரிப் பயிற்சி, இலக்கணம், வரலாறு இவைதான் அதில் அதிகம். கற்பிக்கும் முறையை நீங்களாக ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். சேரும் முன்பே வழிகாட்டியிடம் அதற்கு இடம் உண்டா என்று நேரில் கேட்டுவிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத் துறை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இரண்டும் பழைய இடங்கள். 1939-ல் தொடங்கிய திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியிலும் முதுகலை உண்டு. கைப்பிள்ளைக்காரிக்குச் சென்னையைவிட அது பக்கம்.

வேலைக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்க எம்.ஏ. தேவையில்லை. கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கப் பள்ளி இசை ஆசிரியருக்குக்கூட இசையில் இளங்கலைதான் கேட்கிறார்கள். எம்.ஏ. முடித்த மறுநாள் உங்கள் பள்ளி சம்பளம் ஏற்றித் தரும் என்று நம்பிப் போகாதீர்கள். கல்லூரிக்குப் போக நினைத்தால்தான் அது வேண்டும். முதுகலையில் 55 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), அப்புறம் நெட் என்னும், கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வு. நெட்டில் இசையும் ஒரு பாடம். அந்தத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். அது வீட்டில் சொல்லக்கூடிய பதில்.

ஆய்வுக்கு விஷயம் தேடி அலைய வேண்டாம். 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை ஆராய்ச்சி நூலை 1917-ல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், 1859-ல் உங்களுக்குப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். அவரும் ஆசிரியராக இருந்தவர்தான். ஆரம்பப் பாடங்கள் தமிழில் வேண்டும் என்று தாமே பாட்டுக் கட்டியவர். நாம் இன்னமும் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு, பொருள் தெரியாத 'லம்போதர லகுமிகரா'வில்தான் கீதம் தொடங்குகிறோம். அதில் எனக்குக் குறையில்லை, அழகான கீதம். ஆனால் காவடிச் சிந்தும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு எதிலிருந்து தொடங்கினால் சுருதி சீக்கிரம் பிடிபடும் என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? நீங்கள் பாருங்கள்.

வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அந்த 9 பிள்ளைகளையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு, அவரவர் வீட்டில் கேட்ட பாட்டு எதையாவது பாடச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் எந்தக் கட்டையில் போய் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் வகுப்பில் சுருதியை அந்த இடத்துக்கு ஏற்றி வையுங்கள். மூன்று மாதம் கழித்து 9 பேரில் எத்தனை பேர் மிச்சம் என்று எனக்கு எழுதுங்கள். விண்ணப்பம் போடும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.