ஃபிசியோவா இருந்துட்டு ரிசர்ச் லேபுக்கு வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, உன் கேள்வியை ரெண்டு தடவ படிச்சேன். நாலு வருஷம் ஆஸ்பத்திரில ஃபிசியோவா இருந்துட்டு வெளிநாட்டுல ஒரு யூனிவர்சிட்டி மூவ்மென்ட் லேப்ல பிஎச்டி சேர்ந்து அஞ்சு வாரம் ஆகுது, கை நிறைய வேலை தெரிஞ்ச என்னை இங்க பேஷண்ட்டைத் தொடவே விட மாட்டேங்குறாங்க, நம்பர் எழுதுறதும் பேப்பர் படிக்கிறதும்தான் வேலை, தப்பு பண்ணிட்டேனா அக்கா, திரும்ப கிளினிக்குக்கே போயிடவான்னு கேட்டிருக்க. சூப்பர்வைசரைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வர மாட்டேங்குதுன்னும் எழுதியிருக்க. பேர் விஷயம் ரெண்டு மாசத்துல தானா சரியாயிடும், அதை விடு. அந்த முதல் கேள்விக்குத்தான் எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு, ஏன்னா பதினோரு வருஷம் முன்னாடி நானும் இதையே கேட்டுக்கிட்டு ராத்திரி உக்காந்து அழுதிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

எனக்கு முதன்முதலா கொடுத்த வேலை ஆறு நிமிஷ நடை டெஸ்ட். உனக்கே தெரியும், 30 மீட்டர் காரிடார், ரெண்டு முனையிலயும் ஒரு கோன், ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்குறாங்கன்னு பார்க்கணும், அவ்வளவுதான். வந்தவர் ஸ்ட்ரோக் வந்து ஏழு மாசம் ஆன ஒருத்தர், இடது பாதம் லேசா இழுக்கும், கோன் கிட்ட திரும்பும்போது உடம்பு ஒரு பக்கமா சாயும். நான் என்ன பண்ணேன், கிளினிக் பழக்கத்துல அவரோட இடது பக்கமா ஒட்டி நின்னுக்கிட்டு கூடவே நடந்தேன், "சூப்பர், அப்படித்தான், இன்னும் கொஞ்சம், முடியும் உங்களால"ன்னு ஆறு நிமிஷமும் விடாம சொல்லிக்கிட்டே வந்தேன். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். டெஸ்ட் முடிஞ்சதும் சூப்பர்வைசர் என்னைத் தனியா கூப்பிட்டு, இந்த டேட்டாவை எடுத்துக்க முடியாது, அவர் நடந்த தூரத்துல உன் தூரம் எவ்வளவுன்னு நமக்குத் தெரியாதேன்னு ரொம்ப மெதுவாத்தான் சொன்னாங்க. எனக்கு முகம் சுண்டிப் போச்சு.

அப்புறம்தான் 2002ல அமெரிக்கன் தொராசிக் சொசைட்டிங்குற நுரையீரல் மருத்துவர்கள் சங்கம் இந்த டெஸ்ட்டுக்குப் போட்ட வழிமுறையை ஒழுங்கா உக்காந்து படிச்சேன். டெஸ்ட் எடுக்குறவங்க கூட நடக்கக் கூடாது, நம்ம வேகத்துக்கு அவங்க வேகம் மாறிடும். நிமிஷத்துக்கு ஒரு தடவ, அதுவும் எழுதி வெச்சிருக்குற அதே வாக்கியம், அதே குரல்ல, நல்லா பண்றீங்க, இன்னும் இத்தனை நிமிஷம் இருக்கு, அதோட சரி. விழுந்துடுவாங்கன்னு பயம் இருந்தா, சில லேப்ல பண்ற மாதிரி, அவங்க பார்வையில படாம பின்னாடி வரலாம், ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி வரணும், வந்ததை எழுதியும் வைக்கணும். படிக்கும்போது இது என்ன கல்லு மனசுன்னுதான் தோணுச்சு. யோசிச்சுப் பாரு, நமக்குப் பிடிச்ச புது பயிற்சி எடுக்குற குரூப்புக்கு நம்மளையும் அறியாம கொஞ்சம் சத்தமா ஊக்கம் கொடுத்து, இன்னொரு குரூப்பை அமைதியா நடக்க விட்டா, கடைசில நாம பப்ளிஷ் பண்றது பயிற்சியோட பலனா இல்ல நம்ம பாசத்தோட பலனா? அதனாலதான் அளக்குறவங்களுக்கு யார் எந்த குரூப்புன்னு சொல்ல மாட்டாங்க. உன்னை நம்பாம மறைக்கலம்மா, உன் நல்ல மனசுகிட்ட இருந்து டேட்டாவைக் காப்பாத்துறாங்க.

நல்ல மனசு மட்டும் போதாதுங்குறதுக்கு அவெர்ட்னு ஒரு ட்ரயல் இருக்கு, லேன்செட்ங்குற மருத்துவ இதழ்ல 2015ல வந்தது, இன்னும் படிக்கலன்னா இந்த வாரமே படி. ஸ்ட்ரோக் வந்தவங்களை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி உக்கார வெச்சு நடக்க விடுறோமோ அவ்வளவு நல்லதுன்னு நாம எல்லாரும் நம்பினோம், நானே எத்தனையோ பேரை அந்த நம்பிக்கையில எழுப்பியிருக்கேன். ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில அஞ்சு நாட்டுல 56 ஆஸ்பத்திரி, 2104 பேர். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு பாதிக்கு 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு அடிக்கடி, நிறைய நேரம் எழுப்பி நடமாட விட்டாங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா, நல்லா தேறினவங்க வழக்கமான குரூப்ல 50 சதவீதம், அதிகமா எழுப்பின குரூப்ல 46. நாம உதவின்னு நினைச்சது சிலருக்கு இடைஞ்சலா இருந்திருக்கு. அதுக்காகப் படுக்கையிலயே கிடக்கணும்னு அர்த்தம் இல்ல, வழக்கமான குரூப்பையும் பாதிப் பேருக்கு மேல முதல் நாளே எழுப்பிட்டாங்க, வித்தியாசம் பெரும்பாலும் அளவுலதான். படுக்கை என்ன பண்ணும்னு 1966ல டல்லாஸ்ல இருபது வயசுப் பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் படுக்க வெச்சுப் பார்த்தாங்களே, அதே அஞ்சு பேரை முப்பது வருஷம் கழிச்சுத் திரும்ப அளந்தப்போ, அந்த மூணு வாரப் படுக்கை அவங்க உடல் திறனைக் குறைச்ச அளவுக்கு முப்பது வருஷ வயசு கூட குறைக்கல. ரெண்டும் உண்மை. எப்போ, எவ்வளவு, யாருக்குங்குறதை அளந்துதான் கண்டுபிடிக்க முடியும், அந்த அளக்குற வேலையைத்தான் நீ நம்பர் எழுதுற வேலைன்னு சொல்ற.

இப்போ உன் கையைப் பத்தி. தொட விட மாட்டேங்குறாங்கன்னு எழுதியிருக்க, உங்க லேப்ல உடம்போட அசைவைப் பதிவு பண்ற மோஷன் கேப்சர் கேமரா இருக்குன்னும் எழுதியிருக்க. அப்போ அந்தப் பளபளக்குற சின்ன உருண்டை மார்க்கரை யார் ஒட்டுறாங்கன்னு பாரு. இடுப்பு எலும்போட முன் முனை, முட்டியோட வெளிப்பக்கம், கணுக்கால், இதெல்லாம் விரலால தடவி எலும்பைத் தேடித்தான் ஒட்டணும். மார்க்கர் ஒரு ரெண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போனா முட்டி, இடுப்பு கோணம் எல்லாம் கம்ப்யூட்டர்ல தப்பா வரும், எவ்வளவு விலை உயர்ந்த கேமராவா இருந்தாலும் அதைத் திருத்தாது. எங்க லேப்ல கோடிங் பிரமாதமா பண்ற இன்ஜினியர் பசங்க இருந்தாங்க, கொஞ்சம் சதைப்பிடிப்பான உடம்புல இடுப்பு எலும்பு முனையைத் தேடச் சொன்னா திணறிடுவாங்க. நான் ரெண்டு விரலை வெச்சுக் கீழ இருந்து மேல தள்ளி, எலும்பு விளிம்பு தட்டுன இடத்துல பேனாவால புள்ளி வெச்சுட்டு, வேர்வையைத் துடைச்சுட்டு ஒட்டுவேன். அன்னைக்குத்தான் அந்த லேப்ல எனக்கு ஒரு இடம் கிடைச்சுது. அந்த வேலையை நீயா கேட்டு வாங்கு, கேக்காம யாரும் கொடுக்க மாட்டாங்க, இங்க சும்மா இருந்தா அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னு எடுத்துக்குவாங்க.

உன் கண்ணும் அப்படித்தான். ஒரு நாள் ஒருத்தரோட கிராஃப்ல இடுப்பு ஒரு பக்கம் ஏறி ஏறி இறங்குது, ஏதோ டேட்டா கோளாறு, வடிகட்டிடலாம்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் வீடியோவைப் போடச் சொன்னேன். பாதம் தரையில இடிக்காம இருக்க அவர் இடுப்பைத் தூக்கித் தூக்கி நடக்குறார், நீயா இருந்தாலும் வாசல்ல நுழையும்போதே பார்த்திருப்ப. நிகோலாய் பெர்ன்ஸ்டீன்னு ஒரு விஞ்ஞானி 1920கள்ல மாஸ்கோல சுத்தியல் அடிக்குற தொழிலாளிகளைப் படம் பிடிச்சு அளந்தார். சுத்தியல் போய் விழுற இடம் மாறல, ஆனா அங்க போய்ச் சேர தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடிக்கும் வேற வேற மாதிரி அசைஞ்சுது. உடம்பு ஒரே வேலையைப் பல வழில முடிக்குதுங்குற அந்த விஷயத்தை நீ நாலு வருஷமா தினமும் பார்த்திருக்க, அதை அளவா மாத்தத்தான் இங்க வந்திருக்க.

உன் ஸ்டடில பதினாலு பேர்தானே, இதனால என்ன ஆகப் போகுதுன்னும் ஒரு வரி எழுதியிருக்க. 1990ல மரியா ஃபியாட்டரோன் குழு 86ல இருந்து 96 வயசு வரைக்கும் உள்ள பத்தே பேரை வெச்சு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தாங்க, முடிச்சது ஒன்பது பேர், தசை பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு. அந்த வயசுல எடையா, வேண்டவே வேண்டாம்னு சொல்லிக்கிட்டு இருந்தவங்க வாயை அது அடைச்சுது. சின்ன ஸ்டடி எல்லாத்தையும் முடிவு பண்ணாது, பெரிய ட்ரயல் அப்புறம் வரும், ஆனா கேள்வியைச் சரியா கேட்டா பத்துப் பேர் போதும் ஒரு கதவைத் திறக்க.

மொழியைப் பத்தி பயப்படுற. எங்க தப்பு வரும்னா உச்சரிப்புல இல்ல, ஸ்டடில சேர சம்மதம் வாங்குற கன்சென்ட் ஃபார்ம் கிட்ட. மெதுவா படி, ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்தி அவங்க புரிஞ்சதை அவங்க வாயால சொல்லச் சொல்லு. எப்போ வேணாலும் காரணம் சொல்லாம விலகலாம்னு அவங்களுக்கு உரிமை இருக்கு, மனுஷங்களை வெச்சுப் பண்ற மருத்துவ ஆராய்ச்சிக்கு நெறி வகுத்த 1964 ஹெல்சிங்கி பிரகடனத்துல இருந்து வர்ற விஷயம். கிளினிக்ல நாம "இன்னும் ஒரே ஒரு தடவ"ன்னு கெஞ்சுவோம்ல, அது இங்க கூடாது. ஒரு அம்மா ட்ரெட்மில்ல போதும்னு சொன்னாங்க, நான் இன்னும் முப்பது செகண்ட்தான்னு ஆரம்பிச்சேன், பக்கத்துல இருந்த சீனியர் ஒரு வார்த்தை பேசாம மெஷினை நிறுத்திட்டாங்க. சரியாத்தான் பண்ணாங்க.

சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்றதில்லன்னா, மீட்டிங்குக்கு முதல் நாளே அரைப் பக்கம் எழுதி அனுப்பு, என்ன படிச்சேன், என்ன புரியல, அடுத்து என்ன பண்ணலாம்னு நினைக்கிறேன்னு. பேப்பர் படிக்கும்போது முடிவுரைக்கு முன்னாடி ஒப்பிட்டுப் பார்க்க வெச்சிருக்குற கண்ட்ரோல் குரூப்புக்கு என்ன கொடுத்தாங்க, யார் அளந்தாங்கன்னு ரெண்டை மட்டும் தேடு, வேகம் தானா வரும். இன்னொண்ணு, பிஎச்டி முடிச்சாலும் அதை வெச்சு ஃபிசியோவா பிராக்டிஸ் பண்ண முடியாது, லைசென்ஸ் தனி, அதுக்கு ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு வழி இருக்கு, ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாம தெரிஞ்சவங்களுக்குக்கூட ட்ரீட்மென்ட்னு சொல்லிக் கை வைக்காத, விசாவுக்கே பிரச்சனை ஆகும். கிளினிக் ஆசை விடலன்னா அந்த லைசென்ஸ் வேலையை இப்பவே பக்கத்துலயே ஓட்டு.

திரும்பிப் போறதை இப்போ முடிவு பண்ணாத. ஒரே ஒரு ஆளோட முதல் அளவும், பயிற்சி முடிஞ்சு எடுக்குற அளவும் உன் கையால எடுத்து முடி, அப்புறம் யோசி. நான் சொன்னேனே அந்த இடது பாதம் இழுத்தவர், அவர் மூணு மாசம் கழிச்சு வந்தப்போ நான் காரிடார் முனையில ஸ்டாப் வாட்சோட நின்னேன், கோன் கிட்ட அவர் சாயும்போது என் கை தானா முன்னாடி போச்சு, மடக்கிக்கிட்டேன், அந்த எழுதி வெச்ச வாக்கியத்தைச் சொன்னேன், அவர் திரும்பி நடந்து போனார்.

மார்க்கர் ஒட்டுற ட்ரெயினிங் எப்போன்னு திங்கக்கிழமையே கேளு, என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது.