கேம்டனில் கொலைகள் குறைந்தது நிஜமா? கேள்வி பதில்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கும் கேம்டன் சின்ன ஊர். டெலவேர் ஆற்றின் ஒரு கரையில் கேம்டன், மறுகரையில் பிலடெல்பியா. 2020 கணக்கெடுப்பில் கேம்டனின் மக்கள்தொகை 71,791.

கேம்டனில் வன்குற்றம் உண்மையிலேயே குறைந்துவிட்டதா, இல்லை அரசாங்கம் சொல்லும் பெருமைதானா?

கொலைகள் குறைந்தது உண்மை. 2012-இல் 67 பேர் கொல்லப்பட்டார்கள், 2014-இல் 33 பேர், 2024-இல் 17 பேர். மற்ற ஊர்களோடு ஒப்பிட லட்சம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். 17-ஐ 1,00,000-ஆல் பெருக்கி 71,791-ஆல் வகுத்தால் சுமார் 24 வரும். 2012-இல் இது 87-ஐ ஒட்டி இருந்தது. ஆனால் 2024-இல் நாடு முழுவதற்குமான விகிதம் 5தான். அதோடு வைத்துப் பார்த்தால் கேம்டன் இன்றும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு மேலே நிற்கிறது. அந்த 17 குடும்பங்களிடம் போய் ஊர் பத்திரமாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

2015-இல் 32 கொலைகள், 2016-இல் 44. ஒரே வருடத்தில் 37 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருக்கிறதே, மறுபடி பழைய நிலைமை திரும்பியதா?

சின்ன ஊர்க் கணக்கைப் படிக்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். எண்கள் சிறிதாக இருந்தால் சதவீதம் தாறுமாறாகத் துள்ளும். ஒரே தெருச் சண்டையில் மூன்று பேர் இறந்தால் அந்த வருடக் கணக்கே மாறிப்போகும்.

கையாலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு வருட எண்களையும் கூட்டுங்கள். அதன் வர்க்கமூலத்தை எடுத்து இரட்டிப்பாக்குங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் நிஜமாகவே ஏதோ மாறியிருக்கிறது என்று பேசலாம். 32-ம் 44-ம் சேர்ந்தால் 76. வர்க்கமூலம் சுமார் 8.7, இரட்டிப்பு 17.4. வித்தியாசமோ 12தான். ஆக, அந்த ஏற்றம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். அடுத்த வருடமே எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாக இறங்கியது. இப்போது 67-ஐயும் 33-ஐயும் பாருங்கள்: கூட்டினால் 100, வர்க்கமூலம் 10, இரட்டிப்பு 20, வித்தியாசம் 34. இது தற்செயல் இல்லை.

ஒரு எச்சரிக்கை. மிக மோசமான வருடத்தைத் தேடிப்பிடித்து அதிலிருந்து அளந்தால் எந்த ஊரும் முன்னேறியதாகத்தான் தெரியும். 2012 அப்படிப்பட்ட உச்ச வருடம். அதனால் ஐந்தைந்து வருடச் சராசரிகளை ஒப்பிடுவதே நேர்மையான வழி.

போலீஸ் துறையையே கலைத்தார்களாமே, அதனால்தான் குறைந்ததா?

2013 மே 1 அன்று நகரப் போலீஸை மூடிவிட்டு கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) போலீஸிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆனால் "போலீஸே இல்லாமல் குற்றம் குறைந்தது" என்று சிலர் சொல்வது தவறு. 2011 ஜனவரியில் பணமில்லாமல் காவலர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். புதிய துறை குறைந்த செலவில் ஆளெடுத்ததால் தெருவில் நின்ற காவலர்கள் அதிகமானார்கள். தொடக்க வருடங்களில் சைக்கிளில் மணி இல்லை, கார் கண்ணாடியில் கறுப்பு ஒட்டியிருக்கிறது என்றெல்லாம் அபராதச் சீட்டுகள் பறந்தன, ஏழைகள்தான் சுமந்தார்கள். பலப்பிரயோகத்துக்கான கடுமையான விதிகள் வந்தது 2019-இல். கொலைகளோ அதற்கு வெகு முன்பே இறங்கிவிட்டன. எனவே எல்லாப் புகழையும் ஒரே சீர்திருத்தத்துக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கொலை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. சுடப்பட்டவர் பிழைத்தால் அவர் கொலைக் கணக்கில் வரமாட்டார், கொடுந்தாக்குதல் கணக்குக்குப் போய்விடுவார். கேம்டனில் ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் காவலர்களே காயம்பட்டவரை ரோந்துக் காரின் பின்சீட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு கூப்பர் மருத்துவமனைக்கு ஓட்டும் வழக்கம் உண்டு. உயர்நிலை விபத்துச் சிகிச்சைப் பிரிவு ஊருக்குள்ளேயே இருக்கிறது. சில நிமிடங்கள் மிச்சமானாலே உயிர் தப்பும். துப்பாக்கிச் சூடு குறையாமலேயே கொலை எண்ணிக்கை குறையலாம். அதனால் குண்டு பாய்ந்தவர்களின் மொத்த எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

எண்ணும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தாக்குதலில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்று. வழிப்பறியில் சம்பவத்துக்கு ஒன்று. மூன்று பேரை ஒரே நேரத்தில் மடக்கிப் பறித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

எஃப்.பி.ஐ. தளத்தில் சில ஊர்களின் குற்றக் கணக்கில் 2021-க்கு எண்ணே இல்லாமல் ஓட்டை விழுகிறதே?

அந்த வருடம் குற்ற விவரங்களைத் திரட்ட நிப்ரஸ் என்ற புதிய முறைக்கு மாறினார்கள், பல துறைகள் விவரமே அனுப்பவில்லை. காலியிடத்தை சைபர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 12 மாதமும் அனுப்பியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

மகனுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கேம்டன் வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா?

உங்கள் கவலை புரிகிறது. ஊர் முழுவதற்குமான விகிதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். துப்பாக்கிச் சூடு எல்லா ஊரிலும் சில தெருமுனைகளில்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது. கிளெரி சட்டப்படி மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் சேர்ந்த ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அக்டோபர் 1-க்குள் மூன்று வருடக் குற்ற விவரத்தை வெளியிட்டாக வேண்டும். அதை எடுத்துப் படியுங்கள். ஆனால் அது வளாகத்தையும் அதை ஒட்டிய பொது இடங்களையும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள வெளிக் கட்டடங்களையும் மட்டும்தான் சொல்லும். நாலு தெரு தள்ளி வாடகைக்கு எடுக்கும் அறையைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. அறை பார்க்கும்போது சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியை ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவு பத்து மணிக்கும் யாரையாவது கூட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். இரவில் துணைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு அந்தத் தெருவரை வருமா என்று வளாகப் போலீஸிடம் முகவரியைச் சொல்லியே கேளுங்கள். வராது என்றால் வேறு அறை பார்க்கலாம்.