வரப்புல அடிக்கிற களைக்கொல்லியும் வீட்டுல இருக்குற குழந்தையும்

கேள்வி: டாக்டர், எங்க தோட்டத்துல வருஷக்கணக்கா பாராகுவாட் களைக்கொல்லிதான் அடிக்கிறோம். மாமனாருக்கு 58 வயசுலயே கை நடுக்கம், பார்க்கின்சன்னு சொல்லிட்டாங்க. என் பையனுக்கு 3 வயசு, மருந்து அடிச்ச அன்னிக்கே வரப்புல ஓடி விளையாடுறான். நாளைக்கு அவனுக்கும் வந்துருமோன்னு தூக்கமே வரல.
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்க பயம் நியாயமானதும்மா. மாமனாருக்கு இந்த மருந்தாலதான் வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது, பையனுக்கு வந்தே தீரும்னும் இல்ல. ஆனா இந்த மருந்து மேல சந்தேகம் சும்மா வரல.

1982ல கலிஃபோர்னியாவுல போதை ஊசி போட்ட சில இளவட்டங்க திடீர்னு கல்லு மாதிரி விறைச்சுப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, நரம்பு டாக்டர் லாங்ஸ்டன் தேடிப் பாத்தப்ப ஊசி மருந்துல கலந்திருந்த எம்பிடிபின்னு ஒரு பொருள் மூளையில டோபமைன் (உடம்பு அசைவை சீரா வைக்கிற ரசாயனம்) சுரக்குற செல்லுங்களைக் கொன்னிருந்துச்சு. பார்க்கின்சன்லயும் அழியறது இதே செல்லுங்கதான். அந்த எம்பிடிபி உடம்புக்குள்ள போய் மாறுற வடிவம் அப்படியே பாராகுவாட் ஜாடை. அதே மாநிலத்துல 2009ல வந்த ஆய்வுல, வீட்டுலருந்து 500 மீட்டருக்குள்ள பாராகுவாட்டும் மேனெப்ங்கிற பூஞ்சாணக்கொல்லியும் அடிச்ச இடத்துல இருந்தவங்களுக்கு பார்க்கின்சன் அபாயம் 75 சதவீதம் கூடுதல், 60 வயசுக்குள்ள நோய் வந்தவங்களை மட்டும் பாத்தா 4 மடங்கு. நம்ம ஊர்ல தக்காளிக்கும் உருளைக்கும் அடிக்கிற மேன்கோசெப் அந்த மேனெப்போட குடும்பம்தான்.

குழந்தைய பத்தி கேட்டீங்கல்ல, எலிக்குஞ்சுங்களுக்கு பாராகுவாட், மேனெப் ரெண்டையும் குடுத்துட்டு, வளந்தப்புறம் மறுபடி குடுத்துப் பாத்தாங்க. பெருசானப்புறம் மட்டும் வாங்குன எலிகளை விட இதுங்களுக்குத்தான் டோபமைன் செல் ரொம்ப அழிஞ்சிருந்துச்சு. சின்னதுல பட்ட அடி வெளிய தெரியாம உள்ள கெடக்குது, ஏன்னா அந்த செல்லுங்கள்ல பெரும்பகுதி போனப்புறம்தான் நடுக்கமே ஆரம்பிக்கும். அதனாலதான் இப்பவே சொல்றேன்.

சுவிட்சர்லாந்து 1989லயே பாராகுவாட்ட நிறுத்திடுச்சு, ஐரோப்பிய யூனியன்ல 2007ல போச்சு, பக்கத்துல கேரளாவும் 2011ல தடை பண்ணிடுச்சு.

மருந்து அடிக்கிற அன்னிக்கும் மறுநாளும் பையனைத் தோட்டத்துப் பக்கமே விடாதீங்க. அடிச்சவங்க வெளியவே குளிச்சு துணிய தனியா அலசிட்டு அப்புறம் புள்ளையத் தூக்கட்டும். முக்கியமா, மிச்ச மருந்த கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கிற பழக்கம் இருந்தா இன்னிக்கே விடுங்க, ஒரு வாய் குடிச்சாலே உயிர் போயிரும், இதுக்கு மாத்து மருந்து கெடையாது.

களையெடுக்க ஆள் கெடைக்கலன்னு வீட்டுல சொல்வாங்க, தெரியும். வீட்டை ஒட்டுன நாலஞ்சு பாத்திக்கு மட்டுமாவது வாடகைக்கு பவர் வீடர்ங்கிற களையெடுக்குற மெஷின் எடுத்து ஓட்டச் சொல்லுங்கம்மா.