அயர்லாந்து சின்ன ஊரு கேங்கு, காதல், விசுவாசம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் அயர்லாந்துல லௌத் கவுன்ட்டிக்கு வந்து 11 வருஷம் ஆச்சு, சாயங்காலத்துல ஒரு யூத் கிளப்ல பசங்களுக்கு கணக்கு சொல்லித்தர்றேன். "அயர்லாந்து சின்ன ஊர் கேங் ஆளுங்க உயிரே போனாலும் காட்டிக்கொடுக்க மாட்டாங்களாமே, என்ன ஒரு விசுவாசம்"னு நேத்து ஒரு தம்பி எழுதியிருந்தார், அத படிச்சதுலேர்ந்து மனசு ஆறல, அதான் கேள்விய எல்லாம் போடுங்கன்னு சொன்னேன்.

கேள்வி: அக்கா, ட்ராஹடா ட்ராஹடான்னு நியூஸ்ல வந்துச்சே, அங்க என்னதான் நடந்துச்சு?

எங்க லௌத் கவுன்ட்டியிலயே பாய்ன் ஆத்தங்கரையில இருக்கிற ஊரு, 44,000 பேர்தான். போதைப்பொருள் வித்துட்டு ஒண்ணா திரிஞ்ச கூட்டம் 2018ல ரெண்டா உடைஞ்சுது. வீட்டு மேல பெட்ரோல் குண்டு, கார எரிக்கிறது, துப்பாக்கிச்சூடுன்னு ஆரம்பிச்சு 2019 ஆகஸ்ட்லேர்ந்து 2020 ஏப்ரலுக்குள்ள நாலு கொலை, கடைசி கொலை எல்லை தாண்டி வட அயர்லாந்து பெல்ஃபாஸ்ட்ல. 2020 ஜனவரில செத்தது 17 வயசு பையன். அவன எப்படி கொன்னாங்கன்னு நான் இங்க எழுத மாட்டேன், அவன் வீட்டு ஆளுங்க இன்னும் இருக்காங்க.

பெரிய சிட்டின்னா எதிரி மூஞ்சில முழிக்காம காலத்த ஓட்டிடலாம். இங்க ஒரே சூப்பர்மார்க்கெட், ஒரே ஸ்கூல் கேட்டு, ஞாயித்துக்கிழமை ஒரே சர்ச்சு. நேத்து ராத்திரி உங்க வீட்டு ஜன்னல உடைச்சவனோட அம்மா காலையில பால் வாங்குற க்யூல உங்களுக்கு முன்னாடி நிப்பாங்க.

கேள்வி: அப்போ அந்த விசுவாசம் தலைவன் மேலயா, காசு மேலயா?

ரெண்டும் இல்ல தம்பி, பெரும்பாலும் அது சொந்தபந்தம். லிமெரிக் யூனிவர்சிட்டி ஆளுங்க 2016ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஊர் பேர மறைச்சு "கிரீன்டவுன்"னு வச்சாங்க. அந்த ஊர்ல திருட்டுலயும் போதைப்பொருள் கேஸ்லயும் திரும்பத் திரும்ப மாட்டுற பசங்க யார் யாரோட சேர்ந்து மாட்டுறாங்கன்னு போலீஸ் ரெக்கார்ட வச்சு கோடு போட்டு பாத்தா நடுவுல ஒரு குடும்பம், அதச் சுத்தி உறவுக்காரங்க, கூட்டாளிங்க, கடைசி வரிசையில குழந்தைங்க.

ஆரம்பிக்கிறது எப்படின்னா, 12 வயசு பையனுக்கு மாமா முறை ஒருத்தர் புது ஷூ வாங்கித்தருவார். வீட்ல முடியாத விலை. "இந்த பைய அந்த வீட்ல குடுத்துட்டு வா"ன்னு சொல்றப்போ அவனுக்கு அது குற்றமாவே தெரியாது, தன்ன நம்பி ஒருத்தர் வேலை குடுக்கிறார்னு சந்தோஷமா ஓடுவான். அப்புறம் ஒருநாள் அந்தப் பை தொலைஞ்சாலோ போலீஸ் புடிச்சுட்டாலோ அந்த சரக்கோட காசு அவன் தலையில கடன், அவ்ளோதான், மாமா பாசமும் அன்னையோட சரி. குழந்தைங்கள இப்படி இழுத்துவிடுற பெரியவங்களுக்கு 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னு 2024ல தனியா சட்டமே கொண்டுவந்தாங்க, ரொம்ப முன்னாடியே வந்திருக்கணும்.

கேள்வி: பொண்டாட்டி, லவ்வர் எல்லாம் ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க? கோர்ட் விட்டுடுமா?

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. 1992 சாட்சியச் சட்டப்படி கல்யாணம் ஆனவங்க இஷ்டப்பட்டா துணைக்கு எதிரா சாட்சி சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்குள்ள அடிதடி, குழந்தைங்க மேல வன்முறை, பாலியல் கொடுமை மாதிரி கேஸ்ல மட்டும்தான் கட்டாயம். தாலி கட்டாத லவ்வருக்கு (இங்க மோதிரம்) இந்த பாதுகாப்பு கிடையாது.

ஆனா அந்தப் பொண்ணுங்க நிக்கிற நிலமைய பாருங்க. "உன் அக்கவுன்ட்ல கொஞ்சம் பணம் போட்டுக்கறேன்"னு அவன் கேக்கறப்போ 19 வயசுல காதல்ல இருக்கிற பொண்ணு எப்படி மாட்டேன்னு சொல்லும். பணச்சலவை கேஸுக்கு உச்சபட்சம் 14 வருஷம், அது அவ பேர்லதான் வரும். வீடு அவ பேர்ல இருந்தாலும் குற்றச் சொத்து பீரோ வந்து நிக்கும், 1996ல ஒரு பத்திரிகையாளரையும் ஒரு டிடெக்டிவையும் ஒரே மாசத்துல சுட்டுக் கொன்ன அப்புறம் ஆரம்பிச்சது அது, யாருக்கும் தண்டனை வாங்கித்தராமலே சொத்த மட்டும் கோர்ட் மூலமா எடுத்துக்கலாம். அவன் உள்ள போயிடுவான், இவ குழந்தையோட வாடகை வீடு தேடுவா. இத விசுவாசம்னு பாராட்ட எனக்கு மனசு வரல.

கேள்வி: கடன்னு சொன்னீங்களே, அம்மா அப்பா போலீஸ்ல சொல்லலாமே?

அயர்லாந்துல இன்ஃபார்மர்ங்கிறத விட அசிங்கமான வார்த்தை கிடையாதுங்க. வெள்ளைக்காரன் ஆட்சியில டப்ளின் கோட்டைக்கு ஆள் காட்டிக்கொடுத்தவங்கள 200 வருஷம் கழிச்சும் மறக்காத ஊரு, அந்த வெறுப்ப கேங்குகாரன் நோகாம தனக்கு எடுத்துக்கிட்டான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா கிரெடிட் யூனியன்ல, நம்ம கூட்டுறவு சொசைட்டி மாதிரி, வாஷிங் மெஷின் ரிப்பேர்னு சொல்லி லோன் போட்டாங்க. பணம் போனது பையனோட கோக்கெய்ன் கடனுக்கு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சின்னப்பையன் வருவான், ஹெல்மெட் கூட கழட்ட மாட்டான், இவங்க கவர நீட்டுவாங்க, அவன் "தேங்க்ஸ்"னு சொல்லிட்டு போவான். அந்தப் பையனுக்கு இவங்கதான் நாலு வயசுல பிறந்தநாள் கேக் வெட்டி ஊட்டிவிட்டவங்க. கட்டினா முடியும்னு நினைச்சாங்க, கட்டக் கட்ட தொகை ஏறிச்சு.

இதுக்குன்னே 2013லேர்ந்து ஒரு வழி இருக்கு, ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு கார்டா இன்ஸ்பெக்டர் (கார்டான்னா அயர்லாந்து போலீஸ்), கேஸ் குடுக்காமலே ரகசியமா போய் பேசலாம். தயவுசெஞ்சு இத தெரிஞ்சவங்களுக்கு சொல்லுங்க, நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: என் தங்கச்சி ட்ராஹடாவுல நர்ஸ் வேலைக்கு வர்றா, பயமா இருக்கு.

பயப்படாம அனுப்புங்க அண்ணா. நம்ம ஆளுங்க ட்ராஹடா ஆஸ்பத்திரியில நிறைய பேர் இருக்காங்க. நல்ல ஊரு, நல்ல சனங்க. குளிருக்கு மட்டும் ஜாக்கெட் இங்க வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.

கேள்வி: வெளிய வந்தவங்க யாராவது இருக்காங்களா அக்கா?

இருக்காங்க. எங்கிட்ட கணக்கு படிச்ச பையன் ஒருத்தன், 16 வயசுல மேற்குப் பக்கம் அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இப்போ கார்பென்டர் வேலை கத்துக்கறான். கேங்க விட்டு வர்றதுன்னா ஊர, ஃப்ரெண்ட்ஸ, லவ் பண்ண பொண்ண, எல்லாத்தையும் விட்டு வர்றது, ஏன்னா எல்லாரும் ஒரே தெருவுல இருக்காங்க. அவங்க அம்மா மாசம் ரெண்டு சனிக்கிழமை பஸ் மாறி மாறி போய் பாத்துட்டு வருவாங்க.

போன வருஷம் அவனோட பாட்டி இறந்துட்டாங்க. இங்க பொணத்த வீட்லயே வச்சு ராத்திரி முழுக்க கண் முழிப்பாங்க, ஊரே வரும், யார் யார் வருவாங்கன்னு சொல்ல முடியாது, அதனால இவன வர வேணாம்னுட்டாங்க. நான் போயிருந்தேன். விடியக்காலம் மூணு மணிக்கு கூட்டம் கொறஞ்சதும் அவங்க அம்மா கதவ சாத்திட்டு, போன்ல வீடியோ கால் போட்டு பாட்டி மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவன் பேசல. அவங்க கை வலிச்சு மாத்தி மாத்தி புடிச்சாங்க, கட் பண்ணல.