பள்ளிக்கூடம் நெசமாலுமே முன்னேறுச்சான்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது? (கேள்வி பதில்)

பொள்ளாச்சிக்காரர்: எங்க ஊரு ஸ்கூலை ஒரு டிரஸ்ட் எடுத்து பெயிண்ட்டு, ஸ்மார்ட் போர்டு, டீச்சர் ட்ரெய்னிங்னு மொத்தமா மாத்திட்டாங்க. பத்தாவதுல 24 பேரு, போன வருசம் 71 சதவீதம் பாஸ், இந்த வருச பேட்ச்சுலயும் 24 பேருதான், ஆனா 92. ஜெயிச்சாச்சுங்களா?

பதில்: அவசரப்படாதீங்க. 24ல 17 பேரு பாஸானா 71, 22 பேரு பாஸானா 92, ஆக அஞ்சு பசங்கதான் வித்தியாசம். இன்னொன்னு, ரிசல்ட் ரொம்ப மோசமான வருசமாப் பாத்துத்தான் டிரஸ்ட்டுக்காரங்க ஸ்கூலை எடுப்பாங்க, அடுத்த வருசம் யாரும் கையே வெக்காட்டியும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், மழை பேஞ்சு கெணத்துல தண்ணி ஏறுனதுக்கு மோட்டார் மாத்துனதுதான் காரணம்னா ஒத்துக்குவீங்களா? ஒம்பதாவதுல எத்தனை பேரு இருந்தாங்க, அதுல எத்தனை பேரு பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்கன்னு மொதல்ல கேளுங்க, படிப்பு வராதவங்க முன்னாடியே நின்னுட்டாலும் சதவீதம் ஏறும்.

கோபிக்காரர்: அப்ப எதோடதானுங்க ஒப்பிடறது, பக்கத்து ஸ்கூலோடயா?

பதில்: அங்க ஹெச்.எம். எப்படிப்பட்ட ஆளோ! 40 ஸ்கூல் திட்டத்தைக் கேட்டு, 20க்குத்தான் காசு இருக்குன்னா சீட்டுக் குலுக்கிப் போடுங்க, மீதிக்கு அடுத்த வருசம். யாருக்கும் இல்லைன்னு ஆகாது, ஒப்பிடவும் ஆச்சு. ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லாப் பக்கமும் டெஸ்ட் வெச்சரோணும், அதை மறந்துட்டு மூணு வருசம் கழிச்சு என்னையக் கூப்புடறவங்கதான் ஜாஸ்தி.

நாமக்கல் டீச்சர்: ஸ்கூலுக்கு மார்க் போட்டு, முன்னேற்றத் திட்டம் எழுதச் சொல்றாங்க. பிரயோசனம் உண்டுங்களா?

பதில்: மத்தியப் பிரதேசத்துல இப்படியேதான் பண்ணுனாங்க, பொருளாதார நிபுணருங்க கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ஞ்சு பாத்தாங்க. மதிப்பீடு நடந்துச்சு, திட்டமும் எழுதுனாங்க, ஆனா வாத்தியாருங்க வேலையிலயோ புள்ளைங்க படிப்புலயோ ஒண்ணும் மாறலைங்க. ஆனாலும் அதே மாதிரி நாடு பூரா 6 லட்சம் ஸ்கூலுக்கு மேல கொண்டு போயிட்டாங்க. ஃபைலுதான் தடிமனாச்சு.

தாளவாடிக்காரர்: எங்க புள்ளைங்க வீட்ல பேசறது கன்னடம், பல பேரு அப்பா அம்மாவோட கரும்பு வெட்டப் போயிருவாங்க. இவங்களுக்கு எப்படிங்க டெஸ்ட் வெக்கறது?

பதில்: பேப்பர் குடுக்காதீங்க. ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுப் படிக்கச் சொல்லுங்க, கணக்கை வீட்டு பாஷையிலயே கேளுங்க. கரும்புக்குப் போனவங்களை விட்டுட்டா மிச்சமிருக்கறவங்க மார்க்கு மட்டும் ஏறி ஸ்கூலு சூப்பர்னு காட்டும், அதனால மொதல் லிஸ்ட்ல இருந்த அத்தனை பேரையும் தேடிப் புடிக்கோணும். அலைச்சல்தான், பெட்ரோல் காசு பட்ஜெட்ல தனியா ஒதுக்குங்க.

அவிநாசிக்காரர்: எதுதானுங்க வேலை செஞ்சிருக்கு?

பதில்: இல்லம் தேடிக் கல்வி, ஊர்க்காரங்களே தன்னார்வலரா சாயங்காலம் சொல்லிக் குடுக்கற தமிழ்நாடு அரசுத் திட்டமுங்க. கொரோனாவுக்கப்பறம் நம்ம கிராமங்கள்ல சுமார் 19,000 புள்ளைங்களை வீடு வீடாப் போய் டெஸ்ட் வெச்சுப் பாத்தாங்க. 2021 டிசம்பர்ல படிப்புல பின்தங்கல் நெறைய, ஆறு மாசத்துல மூணுல ரெண்டு பங்கு மீட்டுட்டாங்க. அந்த மீட்சில திட்டத்தோட பங்கு கால்வாசிக்குக் கிட்டத்தட்ட, மீதிக்கு ஸ்கூல் தொறந்தது மாதிரி வேற காரணங்க. சாயங்காலம் ஊர்ப்புள்ள ஒண்ணு உக்காந்து சொல்லிக் குடுத்ததுக்குக் கால்வாசின்னா, எனக்கு அது பெரிய விசயமுங்க.